மகன் சொல்லி முடிக்காத வாக்கியம்

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில், தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளைய மகன், தகப்பனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பன்றி மேய்த்த வயலிலேயே வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்துக்கொள்கிறான். அது மூன்று துண்டு. "தகப்பனே, பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்" என்பது முதலாவது. "இனிமேல் உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரனல்ல" என்பது இரண்டாவது. "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்" என்பது மூன்றாவது. 18, 19ஆம் வசனங்களில் இருப்பது இது. வீடு வந்து சேர்ந்தபின் 21ஆம் வசனத்தில் அவன் வாயிலிருந்து வருவது முதல் இரண்டு துண்டுகள் மட்டுமே. மூன்றாவதற்கு அவன் வருமுன்பே தகப்பன் ஊழியக்காரரைக் கூப்பிட்டு வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று கொண்டுவரச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

(பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் அந்த மூன்றாவது வரி 21ஆம் வசனத்திலும் இருக்கிறது. நகல் எடுத்தவர்கள் 19ஆம் வசனத்தைப் பார்த்து அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று கருதி, இன்றைய கிரேக்கப் பதிப்புகள் அதை விட்டுவிடுகின்றன. தமிழ் வேதாகமத்திலும் அது அங்கே இல்லை.)

அந்தக் கூலிக்கார வரியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மனந்திரும்புதலைப் பற்றி நம்மிடம் இருக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. கூலிக்காரனுக்குக் கணக்கு உண்டு. உழைத்தால் காசு வரும், வந்த காசில் பழைய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கலாம், ஒரு நாள் தலை நிமிர்ந்து நிற்கலாம். மகனுக்கு அந்தக் கணக்கு இல்லை. திரும்பி வந்தவனைத் தகப்பன் கட்டிக்கொண்டார், அவ்வளவுதான். மனந்திரும்புதலைக் கடவுளுக்குச் செலுத்தும் தவணையாக எண்ணிக்கொண்டு வருடக்கணக்கில் தவிப்பவர்கள் சபைகளில் நிறைய உண்டு. போதுமான அளவு அழுதேனா, போதுமான அளவு வெட்கப்பட்டேனா என்று அளந்து பார்த்து, குறைகிறது என்று கண்டு, மறுபடியும் அழுவார்கள். அந்த அளவுகோலே தவறானது. மனந்திரும்புதலில் பார்க்க வேண்டியது அதன் எடையை அல்ல, அதன் திசையை.

திரும்புதல் என்ற சொல்

எபிரேய வேதாகமத்தில் இதற்கு அடிக்கடி வரும் வினைச்சொல் 'ஷூவ்'. வழி தவறிப் போனவன் வந்த வழியே திரும்புவது என்பதுதான் அதன் சாதாரணப் பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மெட்டநோயா', அதாவது மனம் வேறாவது, எண்ணமும் தீர்மானமும் மாறுவது. தமிழில் 'மனந்திரும்புதல்' என்று அமைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, கிரேக்கத்தின் மனத்தையும் எபிரேயத்தின் திரும்புதலையும் ஒரே சொல்லில் கொண்டுவந்துவிட்டார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்' என்று சொல்கிறது. இரண்டும் சரியே. ஆனால் 'திரும்புதல்' என்றதும், எதைவிட்டு, யாரிடத்திற்கு என்ற இரண்டு கேள்விகளும் தாமாகவே எழுகின்றன. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போது, அவர்கள் விக்கிரகங்களைவிட்டு தேவனிடத்திற்குத் திரும்பியதாகச் சொல்கிறார். இரண்டு முனையும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. விட்டது மட்டும் இருந்து, யாரிடத்திற்கு என்பது இல்லாவிட்டால், அது நல்லொழுக்கத் தீர்மானம். அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் சுவிசேஷம் பேசுவது அதைப் பற்றி அல்ல.

கிரேக்கத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: 'மெட்டமெலோமாய்'. செய்ததை எண்ணி உள்ளம் வருந்துவது. மத்தேயு 27:3இல் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். தமிழில் அங்கே 'மனஸ்தாபப்பட்டு' என்று வருகிறது. ஆனால் தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தடுமாறிப்போவோம். லூக்கா 17:4இல் ஒரு நாளில் ஏழு தரம் வந்து மன்னிப்புக் கேட்கும் சகோதரனும் 'மனஸ்தாபப்படுகிறேன்' என்றுதான் சொல்கிறான், அங்கே கிரேக்கத்தில் இருப்பதோ மெட்டநோயாவின் வினைச்சொல். கத்தோலிக்க வழக்கில் 'உத்தம மனஸ்தாபம்' என்றால் கடவுள்மேல் உள்ள அன்பினால் எழும் மெய்யான மனத்துயர். அன்றாடப் பேச்சிலோ மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்கு இடையிலான மனக்கசப்பு. ஒரே சொல் நான்கு இடத்தில் நான்கு வேலை செய்கிறது.

"பாவஞ்செய்தேன்" என்றவர்கள்

சொல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 1 சாமுவேல் 15ஐயும் 2 சாமுவேல் 12ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். சவுல் ராஜாவும் "பாவஞ்செய்தேன்" என்கிறான், அவனுக்குப் பின் ராஜாவான தாவீதும் அதையே சொல்கிறான். வார்த்தையில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் அந்த வார்த்தைக்கு முன்னும் பின்னும் இருக்கிறது. அமலேக்கியரின் ஆடுமாடுகளை ஏன் தப்பவைத்தாய் என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டதும், ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள், அதுவும் பலியிடுவதற்காக என்று சவுல் காரணம் சொல்கிறான். பிறகு ஜனத்துக்குப் பயந்தேன் என்கிறான். கடைசியில் 30ஆம் வசனத்தில் உள்ளத்தில் இருந்தது வெளியே வருகிறது: பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும். அவனுக்கு வலித்தது பாவம் அல்ல, போகப்போகிற மரியாதை.

தாவீது செய்தது சவுல் செய்ததைவிடக் கொடியது. பத்சேபாளோடு விபச்சாரம், பிறகு அதை மூட அவள் கணவனின் கொலை, அந்தக் கொலைக்கான கடிதத்தையும் சாக வேண்டியவன் கையிலேயே கொடுத்தனுப்பியது. தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது தாவீது சொன்னது ஒரே வரி. காரணம் சொல்லவில்லை, பத்சேபாளைக் கைகாட்டவில்லை, பேரம் பேசவில்லை. பாவம் நீக்கப்பட்டது என்று அந்த இடத்திலேயே நாத்தான் அறிவிக்கிறான். அதே மூச்சில் விளைவுகளையும் சொல்கிறான். குழந்தை இறந்தது, பட்டயம் தாவீதின் வீட்டைவிட்டு விலகவில்லை. மன்னிப்பும் விளைவும் வெவ்வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பகுதியை நான் வேதாகமத்தில் பார்த்ததில்லை. மனந்திரும்பிய பிறகும் வழக்கு நடக்கலாம், வேலை போகலாம், உடைந்த உறவு ஒட்டாமலே இருக்கலாம். இவை வந்தால் கடவுள் மன்னிக்கவில்லை என்று பொருள் இல்லை.

யூதாஸ் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. அவன் தன் பாவத்தைக் குறிப்பாகச் சொன்னான்: குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன். வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். பாவ அறிக்கை, ஈடுசெய்தல், ஆழ்ந்த வேதனை என மனந்திரும்புதலின் வெளி அடையாளங்கள் மூன்றும் அவனிடம் இருந்தன. ஆனால் அவன் போனது ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். தான் காட்டிக்கொடுத்தவரிடத்திற்கு அவன் திரும்பவே இல்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் (7:10) தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று பவுல் இரண்டைப் பிரிக்கிறார். ஒன்று இரட்சிப்புக்கு நடத்துகிறது, மற்றது மரணத்துக்கு. அந்தப் பிரிவினையில் துக்கத்தின் ஆழத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

கையால் செய்ய வேண்டியவை

யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது, அவர் ஒரே பொதுப் பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. இரண்டு அங்கி இருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். வரி வசூலிக்கும் ஆயக்காரன், விதித்த தொகைக்கு மேல் வசூலிக்கக் கூடாது. போர்ச்சேவகன் ஒருவரையும் மிரட்டக் கூடாது, பொய்க் குற்றம் சாட்டக் கூடாது, சம்பளம் போதும் என்றிருக்க வேண்டும். ஆளுக்கு ஆள், தொழிலுக்குத் தொழில் பதில் மாறுகிறது. மனந்திரும்புதல் ஒருவருடைய அன்றாட வேலையின் எந்த இடுக்கில் பாவம் குடியிருக்கிறதோ அந்த இடுக்குக்கே போக வேண்டும்.

ஆகவே முதல் வேலை பெயர் சொல்வது. "என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்ற ஜெபத்தில் ஒரு பாவமும் இல்லை. யாரிடம், எதை, எப்போது, எத்தனை தரம் என்று சொல்லும்போதுதான் உள்ளம் நெளியத் தொடங்கும். காகிதத்தில் எழுதிப் பார்ப்பது உதவும். எழுதும்போது "சூழ்நிலையால்", "கோபத்தில்", "எல்லாரும் செய்வதுதான்" போன்ற சொற்கள் நுழைந்தால் அவற்றை அடித்துவிட்டு வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள். "தவறு நடந்துவிட்டது" என்று எழுதியிருந்தால் "நான் செய்தேன்" என்று மாற்றுங்கள். தமிழில் 'நடந்துவிட்டது' என்பது மிக வசதியான சொல், செய்தவனே வாக்கியத்தில் இல்லாமல் போய்விடுவான்.

அடுத்தது ஈடுசெய்தல். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இதற்குத் திட்டமான கணக்கு உண்டு. தானாக வந்து அறிக்கையிட்டவன் முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் (லேவியராகமம் 6, எண்ணாகமம் 5). நூறு எடுத்திருந்தால் நூற்றிருபது. ஆட்டைத் திருடிக் கொன்றோ விற்றோ போட்டவனுக்கு விதித்தது நாலத்தனை, மாட்டுக்கு ஐந்தத்தனை (யாத்திராகமம் 22). ஆயக்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன பேச்சை (லூக்கா 19) இந்தக் கணக்கோடு சேர்த்து வாசித்தால்தான் அதன் கனம் தெரியும். அவன் தானாக அறிக்கையிடுகிறவன், ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே போதும். ஆனால் திருடனுக்குரிய நாலத்தனையைத் தனக்கே விதித்துக்கொள்கிறான். எவ்வளவு கொடுத்தான் என்பதைப் போலவே, எப்போது சொன்னான் என்பதையும் கவனியுங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு சொல்லி, அவன் அவரைச் சந்தோஷமாய் அழைத்துக்கொண்ட பின்பே இந்த வார்த்தை வருகிறது. பணத்தைக் கொடுத்து அவன் இயேசுவை வரவழைக்கவில்லை. அவர் வந்ததால் பணத்தின் மேலிருந்த பிடி தளர்ந்தது.

பாதிக்கப்பட்டவர் இறந்துபோயிருந்தால்? எண்ணாகமம் 5:8 அதற்கும் வழி சொல்கிறது. ஈட்டை வாங்கிக்கொள்ள உறவின்முறையான் ஒருவனும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போகும். எப்படியும் அது நம் கையில் தங்கக் கூடாது. இன்று அப்படிப்பட்ட பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது அதன் நோக்கத்துக்கு ஒத்தது என்பது என் கருத்து. பணம் அல்லாத கேட்டுக்கு ஈடு கடினம். ஒருவரைப் பற்றி அவதூறு பேசியிருந்தால், அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட முடியாது. யார் யார் காதில் போட்டோமோ அந்தக் காதுகளுக்கே போய், "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் தயங்கி நின்றுவிடுவது இங்கேதான்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தில் 'ஆனால்' வரக் கூடாது. "உங்களுக்கு வருத்தமாக இருந்திருந்தால்" என்றும் வரக் கூடாது, அது பாரத்தை எதிரில் இருப்பவர் தலையில் ஏற்றுகிறது. நான் செய்தது இது, அது தவறு, அதனால் உங்களுக்கு இன்ன இழப்பு, அதற்கு நான் இன்னது செய்கிறேன். இவ்வளவு போதும். மன்னித்துவிடுங்கள் என்று அங்கேயே பதில் கேட்டு நெருக்குவது மறுபடியும் ஒரு வகைப் பறித்தல்.

விதிவிலக்குகளும் உண்டு. ஒருவர் அறியாத ஒன்றை, நம் மனப்பாரம் இறங்க வேண்டும் என்பதற்காக மட்டும் அவர்மேல் இறக்கி வைக்கலாமா என்பதை முதிர்ந்த ஒரு போதகரிடமோ குருவானவரிடமோ பேசாமல் முடிவு செய்யக் கூடாது. உடலளவிலோ பாலியல் ரீதியாகவோ கொடுமை செய்தவர், பாதிக்கப்பட்டவரை நேரில் தேடிப் போகவே கூடாது. அவருடைய மனந்திரும்புதல் சட்டத்தின் முன் உண்மையை ஒப்புக்கொள்வதில் தொடங்க வேண்டும். "மன்னிப்பதுதானே கிறிஸ்தவம்" என்று சொல்லிப் பாதிக்கப்பட்டவர் வாயை அடைக்கும் சபை, பாவம் செய்தவனுடைய ஆத்துமாவுக்கும் துரோகம் செய்கிறது. அவனைத் திரும்பவிடாமல் தடுப்பதும் அந்தச் சபைதான்.

திரும்பியதன் அடையாளம் எங்கே தெரியும் என்று கேட்டால் நான் யோசேப்பின் அண்ணன் யூதாவின் கதையைச் சொல்வேன். ஆதியாகமம் 37இல் யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன். விலை 20 வெள்ளிக்காசு. அப்போது யோசேப்புக்கு வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. அதன்பின் 7 வருடம் செழிப்பு, 2 வருடம் பஞ்சம். அப்படியானால் ஏறக்குறைய 22 வருடம் கழித்து, அதே யூதா அதே சோதனைக்கு முன் மறுபடி நிற்கிறான். யோசேப்பின் தாய் ராகேலின் இன்னொரு மகன் பென்யமீன், தகப்பனின் செல்லப்பிள்ளை, அவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த முறை யூதா, "இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன்" என்கிறான். எகிப்தின் அதிகாரியாக, தன்னை இன்னாரென்று காட்டாமல் எதிரே இருந்த யோசேப்பால் அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

விசுவாசம்: எதை, யாரை

சொல்லிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தமிழ் வாசகர்கள் இங்கே இடறுவதுண்டு. பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்கிறது. பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்றும் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஒன்றில் இரண்டாவதாக இருக்கும் சொல் மற்றதில் முதலாவதாக நிற்கிறது. எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கிறோம் என்று தெரியாமல் 'நம்பிக்கை' பற்றி விவாதித்தால் இருவரும் வேறு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

'விசுவாசம்' என்ற சொல்லுக்கு ஓர் அழகு உண்டு. 'அவன்மேல் விசுவாசம்' என்றால் நம்புதல், 'விசுவாசமான வேலைக்காரன்' என்றால் உண்மையாயிருத்தல். கிரேக்கச் சொல் 'பிஸ்டிஸ்' இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கிறது.

சீர்திருத்த மரபின் இறையியலாளர்கள் விசுவாசத்தை மூன்று அடுக்காக விளக்கினார்கள். செய்தியை அறிவது முதல் அடுக்கு. அது உண்மை என்று ஒத்துக்கொள்வது இரண்டாவது. அந்த உண்மையின் மேல், இன்னும் சரியாகச் சொன்னால் அந்த ஆளின் மேல், தன் முழு எடையையும் வைத்துச் சாய்வது மூன்றாவது. இரண்டாவது அடுக்கில் நின்றுவிட்டவர்களைத்தான் யாக்கோபு மிகக் கடுமையாக இடிக்கிறார்: தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. பிசாசுகளின் இறையியலில் பிழை ஒன்றும் இல்லை. குறைவது சாய்தல்.

இங்கே நடக்கும் பெரிய பிசகு, விசுவாசத்தையே விசுவாசிப்பது. "எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை" என்று நோயாளியையே குற்றவாளியாக்கும் போதனை அதிலிருந்து பிறக்கிறது. எபிரெயர் 11ஐ முழுவதும் வாசித்தவர் அப்படிப் போதிக்க முடியாது. 33ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள் வருகிறார்கள். நான்கு வசனம் தள்ளி 37இல் கல்லெறியுண்டவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் வருகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே விசுவாசம், ஒரே நற்சாட்சி. மாற்கு 9இல் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பனும், "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று பாதி உடைந்த விசுவாசத்தோடுதான் வந்தான். பிள்ளை குணமானது. பிடித்த கை நடுங்கலாம், பிடித்தது யாரை என்பதே காரியம்.

விசுவாசத்தால் நீதிமான் என்கிற பவுலும், கிரியையாலும் என்கிற யாக்கோபும் மோதுகிறார்களா என்ற பழைய கேள்விக்கு ஆபிரகாமின் வயதுக் கணக்கு நன்றாக உதவும். பவுல் மேற்கோள் காட்டுவது ஆதியாகமம் 15: ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. அதற்கு அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது அவனுக்கு 86 வயது. விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில், 99 வயதில். ஆக, நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் சடங்குக்கும் நடுவே குறைந்தது 13 வருடம். ரோமர் 4இல் பவுலின் வாதம் முழுவதும் இந்த இடைவெளியின் மேல்தான் நிற்கிறது. யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய சம்பவம். அது இன்னும் பல வருடம் பிந்தியது. பவுல் மரம் எப்படி நடப்பட்டது என்கிறார். யாக்கோபு, காய் காய்க்காவிட்டால் அது மரமே இல்லை என்கிறார்.

இரட்சிப்பு என்று எதைச் சொல்கிறோம்

"இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று கேட்பது பல சபைகளில் வழக்கம். புதிய ஏற்பாடு இந்த வினையை மூன்று காலத்திலும் சொல்கிறது. எபேசியர் 2:8இல் இரட்சிக்கப்பட்டீர்கள், முடிந்துவிட்டது. 1 கொரிந்தியர் 1:18இல் இரட்சிக்கப்படுகிற நாம், நடந்துகொண்டிருக்கிறது. ரோமர் 5:9இல் கோபாக்கினைக்கு நீங்கலாக இரட்சிக்கப்படுவோம், இனி வரும். பாவத்தின் தண்டனையிலிருந்து, பாவத்தின் வல்லமையிலிருந்து, கடைசியில் பாவம் இருப்பதிலிருந்தே விடுதலை என்று இதை விளக்குவார்கள். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் அசட்டை வரும். மூன்றாவதை மட்டும் பார்த்தால் நிச்சயமே இருக்காது.

இரட்சிப்பை விளக்க அப்போஸ்தலர்கள் வாழ்வின் வெவ்வேறு இடங்களிலிருந்து சொற்களை எடுத்தார்கள். நீதிமானாக்கப்படுதல் நீதிமன்றச் சொல். மீட்பு, அடிமையைக் கிரயம் கொடுத்து விடுவிக்கும் சந்தைச் சொல். கிருபாதாரபலி, அதாவது பாவத்தை நிவிர்த்தி செய்யும் பலி, பலிபீடத்தின் சொல். ஒப்புரவாகுதல் பகைத்தவர்கள் சேருவது, புத்திரசுவிகாரம் குடும்பத்தில் சேர்க்கப்படுவது. ரோமர் 3:24, 25 ஆகிய இரண்டு வசனங்களில் முதல் மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஒன்றை மட்டும் எடுத்து முழு இரட்சிப்பும் இதுதான் என்று நிறுவும் பிரசங்கம் எப்போதும் கொஞ்சம் நொண்டும்.

'நீதிமானாக்கப்படுதல்' என்ற தமிழ்ச் சொல்லில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். '-ஆக்கு' என்பது நல்லவனாக மாற்றுவது போல ஒலிக்கிறது. சீர்திருத்த சபைகள் இதை அறிவிப்பாகப் புரிந்துகொள்கின்றன: கிறிஸ்துவின் நீதி இவன் கணக்கில் எண்ணப்பட்டு, குற்றமற்றவன் என்று நீதிபதி தீர்ப்புச் சொல்கிறார், மாற்றம் அதைத் தொடர்ந்து வருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை, 1547இல் திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில், நீதிமானாக்கப்படுதலில் பாவமன்னிப்போடு உள்ளான மனிதனின் புதுப்பித்தலும் அடங்கும் என்று அறிவித்தது. 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்லாமல் கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்பதை இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். பின்னர் 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் மேடையில் ஒருவரையொருவர் "கிரியையால் இரட்சிப்பு தேடுகிறவர்கள்" என்று ஏசும் முன் அந்த அறிக்கையை வாசிப்பது நியாயம்.

அந்த அக்டோபர் 31ஐச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. 1517இல் அதே நாளோடு சேர்த்து நினைவுகூரப்படும் மார்ட்டின் லூத்தரின் 95 கூற்றுகளில் முதலாவதே மனந்திரும்புதலைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே கிறிஸ்துவின் சித்தம். அதற்கு முந்தைய ஆண்டு, 1516இல், அறிஞர் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்டிருந்தார். லத்தீன் வேதாகமத்தில், 'மனந்திரும்புங்கள்' என்று இயேசு சொல்லும் இடத்தில் (மத்தேயு 4:17) இருந்த சொற்களைத் தவம் செய்யுங்கள், பரிகாரம் செய்யுங்கள் என்றும் கேட்க முடியும். கிரேக்கம் மனம் மாறுங்கள் என்றது. ஒரு வினைச்சொல்லை எப்படிக் கேட்கிறோம் என்பதில் எவ்வளவு தொங்குகிறது பாருங்கள்.

முதலில் மனந்திரும்புதலா, விசுவாசமா? மாற்கு 1:15இல் மனந்திரும்புதல் முன்னே நிற்கிறது. சீர்திருத்த மரபின் முன்னோடி கால்வினோ, விசுவாசத்திலிருந்துதான் மனந்திரும்புதல் பிறக்கிறது என்று திட்டமாக எழுதினார், கடவுள் இரக்கமுள்ளவர் என்று நம்பாதவன் அவரிடம் திரும்பவே மாட்டான் என்பதால். நான் கால்வின் பக்கம். தகப்பன் வீட்டில் கூலிக்காரருக்கும் பூர்த்தியான சாப்பாடு உண்டு என்ற ஞாபகம் வந்த பிறகே இளைய மகன் எழுந்தான். தேவதயவே குணப்படும்படி ஏவுகிறது என்று ரோமர் 2:4உம் சொல்கிறது.

மறுபடி விழும்போது

கூட்டத்துக்குக் கூட்டம் கையை உயர்த்தி, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து 'இரட்சிக்கப்படுகிறவர்கள்' உண்டு. அவர்களுக்குத் தேவை இன்னொரு ஜெபம் அல்ல. 1 யோவான் 1:9 அந்தக் கடிதத்தை வாசிக்கும் விசுவாசிகளுக்கே எழுதப்பட்டது. அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியும் உள்ளவர். விழுந்த பிள்ளை மறுபடி பிறக்க வேண்டியதில்லை, எழுந்தால் போதும். அதே கடிதத்தின் 3:20, நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிறது. மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறவர்கள் மாற்கு 3இல் 30ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இயேசு கண்ணெதிரே செய்த விடுதலையைப் பிசாசின் வேலை என்று வேதபாரகர் சொன்னதால் வந்த எச்சரிக்கை அது. அப்படி இறுகிப்போனவன் தன் பாவத்துக்காக நடுங்கிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் இந்த நடுக்கம் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்து, ஒரே பாவத்தை நூறு தரம் அறிக்கையிட வைத்தால், போதகரோடு மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அது விசுவாசக் குறைவு அல்ல.

பேதுருவிடம் கடைசி இராப்போஜன இரவில் இயேசு சொன்னது லூக்கா 22:32இல் இருக்கிறது. நீ விழாதபடிக்கு வேண்டிக்கொண்டேன் என்று அவர் சொல்லவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு" என்றார். விழுவான் என்று தெரிந்தே, விழுமுன்பே, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று வேலையும் கொடுத்துவிட்டார். அந்த இரவில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு மூன்று தரம் மறுதலித்த இடத்தில் எரிந்தது கரிநெருப்பு என்று யோவான் குறிக்கிறார். புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்த காலையில். பேதுரு நனைந்த உடையோடு கரையேறினான். இயேசு கேட்டது, ஏன் மறுதலித்தாய் என்று அல்ல. "நீ என்னை நேசிக்கிறாயா" என்று, மூன்று தரம். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் மேய்க்க ஆடுகளைக் கொடுத்தார்.